பெருவழியின் கதை – 11: வரி கட்டிய வண்டியும் ஓரம் ஒதுங்கிய வண்டியும்

செங்கல்பட்டு மாவட்டத்தின் திருப்போரூர் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த படூர், வடக்கே சிறுசேரிக்கும் தெற்கே கேளம்பாக்கத்துக்கும் இடையில், பல தலைமுறைகளாகப் பழைய மகாபலிபுரம் சாலை என்று அறியப்பட்டு 2008இல் ராஜீவ் காந்தி சாலை என்று பெயரிடப்பட்ட மாநில நெடுஞ்சாலையின்மேல் அமைந்திருக்கிறது. கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் முட்டுக்காட்டு உப்பங்கழியும், அவற்றுக்கும் அப்பால் கடலை ஒட்டிய கிழக்குக் கடற்கரைச் சாலையும் இருப்பதால், வடக்கு தெற்காக ஓடும் மூன்று வழிகள் இப்பகுதியில் ஒன்றுக்கொன்று இணையாகச் செல்கின்றன. கால்வாயில் சரக்கு சுமந்த படகுகளையும் கரையோரம் ஊர்ந்த மாட்டுவண்டிகளையும் முந்தைய பகுதி விளக்கியது. 1960களின் நடுவில் வீசிய புயல்களால் சிதைந்த கால்வாய்ப் போக்குவரத்து மீண்டும் தலையெடுக்காமற் போக, சுமை முழுவதும் சாலைக்கு மாறியது. அச்சாலையை மிதிவண்டியும் மோட்டார் வண்டியும் பங்கிட்டுக்கொண்ட விதமும், அந்தப் பங்கீட்டில் சட்டம் யார் பக்கம் நின்றது என்பதும் இப்பகுதியின் பொருள்.

மோட்டார் வண்டிக்காகவே நல்ல சாலைகள் பிறந்தன என்பது பரவலான எண்ணம். வரலாறு வேறு விதமாக இருக்கிறது. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி இங்கிலாந்தில் உருவாக்கிய ரோவர் மிதிவண்டி, ஏறத்தாழ ஒரே அளவிலான இரண்டு சக்கரங்களும் பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியும் கொண்டதாக, இன்றைய சைக்கிளின் வடிவத்தை நிலைப்படுத்தியது. 1888இல் டன்லப் கண்ட காற்றடைத்த ரப்பர் டயர் அதை எளியோரும் ஓட்டத்தக்கதாக்கியது. கரடுமுரடான சாலைகளைச் செப்பனிடக் கோரி அமெரிக்காவில் 1880இலும் பிரிட்டனில் 1886இலும் எழுந்த அமைப்புகளின் பின்னால் நின்றவர்கள் சைக்கிள் ஓட்டிகள்தாம். அவர்கள் கேட்டுப் பெற்ற வழவழப்பான சாலைமீது கார்கள் வந்தேறிய பின், சில பத்தாண்டுகளுக்குள் சைக்கிள் ஓட்டியே சாலைக்கு அயலானாகக் கருதப்பட்டது நவீனப் போக்குவரத்து வரலாற்றின் முரண்களில் ஒன்று. சென்னையில் 1903ஆம் ஆண்டுவாக்கில் சிம்சன் நிறுவனத்தின் பட்டறையில் நீராவிக் கார் ஒன்று உருவானபோது, மாநகரின் துரைமாரும் வசதி படைத்தோரும் ஏற்கெனவே சைக்கிளில் பழகியிருந்தனர். படூர் போன்ற ஊர்களுக்கோ இரண்டுமே அப்போது வேடிக்கைப் பொருள்கள்.

சட்டம் இவ்விரு வண்டிகளையும் தொடக்கத்திலேயே வெவ்வேறு கைகளில் ஒப்படைத்தது. 1914ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வண்டிச் சட்டமும் அதன் இடத்தைப் பிடித்த 1939ஆம் ஆண்டுச் சட்டமும், பதிவு, ஓட்டுநர் உரிமம், வேகம் என மோட்டாருக்கென ஒரு முழு ஆட்சிமுறையை வகுத்தன. 1931ஆம் ஆண்டின் சென்னை மோட்டார் வண்டி வரிச் சட்டம், உள்ளாட்சிகள் சாலைகளில் தண்டிவந்த சுங்கத்தை ஒழித்து, அதற்கு ஈடாக மாகாண அரசே மோட்டார் வரியைத் தண்டி உள்ளாட்சிகளுக்குப் பங்கு தரும் முறையைக் கொண்டுவந்தது. சைக்கிளோ உள்ளாட்சிகளின் கையிலேயே தங்கிவிட்டது. நகராட்சிகள் 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின்படி வண்டிகள்மீதும் விலங்குகள்மீதும் வரி விதித்தன. வீட்டு வரி, தொழில் வரி ஆகியவற்றோடு வாகன வரியையும் தண்டும் அதிகாரத்தை 1958ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் ஊராட்சிகளுக்கு அளித்தது. வரி கட்டியதற்கு அடையாளமாகக் கொடுக்கப்பட்ட சிறு உலோக வில்லையைச் சைக்கிளில் பொருத்திக்கொள்ள வேண்டும்; 'சைக்கிள் லைசென்ஸ்' என்று மக்கள் சொன்னது இதைத்தான். ஓட்டத் தெரிந்ததற்கான சான்றாகவோ, சாலையில் ஓட்டியின் உரிமைக்கான உறுதியாகவோ அது இருந்ததில்லை. பெயரில் உரிமம், பொருளில் வரிச் சீட்டு, அவ்வளவே.

இதனுடன் விளக்கும் சேர்ந்துகொண்டது. பொதுச் சாலைகளில் வண்டிப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்த 1938இல் இயற்றப்பட்ட சென்னைப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டமும் காவல்துறை விதிகளும் சேர்ந்து, இருட்டிய பின் விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டுவதையும், ஒரு வண்டியில் இருவர் செல்லும் 'டபுள்ஸ்' பயணத்தையும் குற்றமாக்கின. விளக்கு எரிய வேண்டும் என்பதில் குறை காண முடியாது. சக்கரத்தோடு உரசிச் சுழன்று மின்சாரம் தரும் டைனமோ வாங்க இயலாதவர்கள் மண்ணெண்ணெய் விளக்கைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு சென்றதும், காவலரைத் தொலைவில் கண்டவுடன் பின்னால் அமர்ந்திருந்தவர் குதித்து இறங்கி நடந்ததும் ஒரு தலைமுறையின் பொது நினைவாகவே நிலைத்துவிட்டன. ஆயினும் இவ்விதிகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது ஒரு கோணல் தெரிகிறது. சைக்கிள் ஓட்டி செலுத்த வேண்டிய வரி, ஏற்ற வேண்டிய விளக்கு, ஏற்றக் கூடாத ஆள் ஆகிய அனைத்தும் திட்டமாகச் சொல்லப்பட்டிருக்க, அவரை முந்திச் செல்லும் லாரி எவ்வளவு தள்ளிச் செல்ல வேண்டும் என்பது அதே திட்டத்தோடு எங்கும் சொல்லப்படவில்லை.

சைக்கிள் எளியோரின் வண்டியானது விடுதலைக்குப் பின்னர்தான். முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் இணைந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் அம்பத்தூர்த் தொழிற்சாலையிலிருந்து 1951 முதல் ஹெர்குலிஸ் வண்டிகள் வெளிவந்தன. சொந்தமாக வாங்க முடியாதவர்களுக்கு மணிக் கணக்கில் வாடகைக்கு விடும் சைக்கிள் கடைகள் ஊர்தோறும் முளைத்தன. கேளம்பாக்கம், கோவளம் பகுதிகளின் உப்பளங்களுக்கு வேலைக்குச் சென்றோர், கோவளம் கடற்கரையிலிருந்து கேரியரில் மீன் கூடை கட்டி உள்நாட்டு ஊர்களுக்குச் சென்ற வியாபாரிகள், பால் கேன்களை இருபுறமும் தொங்கவிட்டவர்கள், உயர்நிலைப் பள்ளிக்கு அடுத்த ஊர் வரை செல்ல வேண்டியிருந்த மாணவர்கள் ஆகியோருக்கு அது கால்களின் நீட்சியாக இருந்தது.

அக்காலத்தில் சாலை இணக்கமாகப் பகிரப்பட்டது என்று முடிவு கட்டிவிடலாகாது. தமிழகத்தின் ஊர்ச் சாலைகளில் பெரும்பாலானவற்றில் தார்ப்பரப்பின் அகலம் ஒரு பேருந்துக்கே போதுமானதாக இருந்ததால், பின்னாலிருந்து ஒலி எழும்பியவுடன் சைக்கிள் ஓட்டி மண்ணில் இறங்கிவிடுவதே வழக்கம். எடையால் பெரியது செல்ல, சிறியது விலகியது. ஆனால் அந்த விலகலுக்கு நேரம் இருந்தது. குண்டும் குழியும் நிறைந்த சாலையில் பேருந்தால் பெருவேகம் கொள்ள இயலாமையும், அடிக்கடி குறுக்கிட்ட மாட்டுவண்டிகளும், சைக்கிள் ஓட்டியை எந்தச் சட்டமும் செய்யாத அளவுக்குக் காப்பாற்றின.

பொறியாளர்கள் இச்சிக்கலை அறியாதவர்கள் அல்லர். நாட்டின் சாலைத் தரங்களை வகுக்க 1934இல் நிறுவப்பட்ட இந்தியச் சாலைகள் காங்கிரஸ், 1962இல் சைக்கிள் தடங்களுக்கென்றே தனி நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. போக்குவரத்து உச்சமடையும் மணியில் 400 சைக்கிள்களும் 100 முதல் 200 வரை மோட்டார் வண்டிகளும் செல்லும் சாலையில் தனித் தடம் அமைக்கலாம் என்றும், மோட்டார் வண்டிகள் மணிக்கு 200ஐத் தாண்டினால் 100 சைக்கிள்கள் மட்டுமே சென்றாலும் தடம் அமைப்பது தகும் என்றும் அது கூறியது. இக்கணக்கு கூர்ந்து நோக்கத்தக்கது: மோட்டார் பெருகப் பெருக, தடம் கோருவதற்குத் தேவையான சைக்கிள்களின் எண்ணிக்கை குறைகிறது, அதாவது பெரும்பான்மையின் வசதியைவிடச் சிறுபான்மையின் ஆபத்தையே அளவுகோலாகக் கொண்ட நெறிமுறை அது. இத்தகைய தெளிவு கொண்ட ஏடு கையிலிருந்தும் தமிழக நெடுஞ்சாலைகளில் அது பெரிதும் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது.

படூர்ப் பகுதியின் உருமாற்றம் 1985இல் அங்கு இந்துஸ்தான் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டதோடு அரும்பி, தகவல் தொழில்நுட்பத் துறையின் வருகையோடு வேகமெடுத்தது. 1998இல் உருவான தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம், கிழக்குக் கடற்கரைச் சாலையை மேம்படுத்தி 2002இல் அங்கே கட்டணம் தண்டத் தொடங்கியது. 1931இல் ஒழிந்த சுங்கம் எழுபது ஆண்டுகளுக்குப் பின் வேறு உடையில் திரும்பியது என்று கொள்ளலாம். அடுத்து அதே நிறுவனம் மத்திய கைலாசத்திலிருந்து சிறுசேரி வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளத்துக்குப் பழைய மகாபலிபுரம் சாலையை ஆறுவழிச் சாலையாக்கியது. சிறுசேரிக்குத் தெற்கே, படூரையும் உள்ளடக்கி மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரி வரை செல்லும் நீட்சி இரண்டாம் கட்டமாக வகுக்கப்பட்டு, படூருக்கும் தையூருக்கும் இடையிலும் திருப்போரூர்ப் பகுதியிலும் புறவழிச் சாலைகள் திட்டமிடப்பட்டன. நாவலூர்ச் சுங்கச்சாவடியில் 2023 அக்டோபர் 19 முதல் கட்டணம் நீக்கப்பட்டது வண்டி ஓட்டிகளுக்குப் பெருநிம்மதி. சைக்கிள் ஓட்டி அங்கே கட்டணம் செலுத்தியதும் இல்லை, அச்சாலையின் வடிவமைப்பில் அவருக்கென ஒரு கணக்கு இருந்ததற்கான அடையாளமும் பெரிதாக இல்லை.

சாலை அகலமானபோது மாறிய முதன்மையான கூறு வேகம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிளை 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நெருங்கும்போது, இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். 50 மீட்டர் தொலைவில் சைக்கிளைக் காணும் ஓட்டுநருக்கு முடிவெடுக்க ஏழு நொடிகள் கிடைக்கின்றன. அதே கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் வேறுபாடு நொடிக்கு 18 மீட்டராகி, அவகாசம் மூன்று நொடிக்கும் குறைந்துவிடுகிறது. மோதல் நேர்ந்தால், வேகம் இரு மடங்காகும்போது மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்ற இயற்பியல் விதி எஞ்சியதைச் செய்துவிடும். சராசரி வேகத்தில் 1 விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுகிறது என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. ஓட்டுநர்களின் ஒழுக்கம் குறைந்துவிட்டது என்ற வழக்கமான புலம்பல் இந்த எண்களின் முன் வலுவிழக்கிறது; நல்லவரான ஓட்டுநருக்கும் மூன்று நொடி என்பது மூன்று நொடிதான்.

சாலையின் நடுவே எழுப்பப்படும் தடுப்பு, அதாவது மீடியன், மற்றொரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. எதிரெதிர் வண்டிகளின் மோதலைத் தடுப்பதில் அதன் பயன் ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் சாலையின் ஒரு பக்கத்தில் வீடும் மறு பக்கத்தில் கடையோ பள்ளியோ இருக்கும் ஊரில், தடுப்பில் விடப்பட்ட திறப்பு தொலைவில் அமைந்திருந்தால், அதுவரை சென்று திரும்பி வருவது மோட்டாருக்கு ஓரிரு நிமிட வேலை, மிதிப்பவருக்கோ வெயிலில் கூடுதல் உழைப்பு. எனவே சைக்கிள் ஓட்டிகள் சாலையோரமாக எதிர்த்திசையில் வரத் தலைப்படுகின்றனர். மோட்டார் ஓட்டிகள் அதை 'ராங் ரூட்' என்று சினந்துகொள்கின்றனர். சட்டப்படி சினம் நியாயமானது. எனினும் பிழையின் பெரும்பங்கு மிதிப்பவருடையதன்று, ஊரை ஊடறுத்துவிட்டு ஊராரின் குறுக்குப் பயணத்தை மறந்த வரைபடத்துடையது. இதற்கிடையில் இதே மாநில அரசு, பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகளில் பட்டியல் சாதி, பழங்குடிப் பிரிவினருக்கு 2001–02இல் விலையில்லாச் சைக்கிள் தரத் தொடங்கி, 2005–06 முதல் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவர் அனைவருக்கும் அதை விரிவாக்கியது. கல்வித் துறை ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் சைக்கிள்களைச் சாலைக்கு அனுப்ப, நெடுஞ்சாலைத் துறை அவை வரப்போவதில்லை என்ற எண்ணத்திலேயே சாலையை வரைந்துகொண்டிருந்தது.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் இக்கடற்கரைக்கு இன்னொரு வகை ஓட்டி வந்து சேர்ந்தார். தலைக்கவசமும் இறுக்கமான உடையும் அணிந்து, பல்வேறு கியர்கள் கொண்ட இலகுவான வண்டியில், விடியலில் சென்னையிலிருந்து புறப்பட்டு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கோவளத்துக்கோ மாமல்லபுரத்துக்கோ சென்று திரும்புவோர் இவர்கள். சிலர் கோவளத்தில் மேற்கே திரும்பி, கேளம்பாக்கத்தைத் தொட்டு, படூர் வழியாக நகருக்குத் திரும்புவதுண்டு. 2021 ஜூலையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டியது செய்தித்தாள்களில் படத்துடன் வெளியானது. இவர்களுக்குக் குரல் இருக்கிறது; கோரிக்கை எழுதவும் அதிகாரிகளைச் சந்திக்கவும் முடிகிறது. அதே அதிகாலையில் அதே ஓரத்தில் கட்டட வேலைக்கோ காவலர் பணிக்கோ பழைய ஹெர்குலிஸில் செல்பவருக்கு அவை வாய்ப்பதில்லை; பிரதிபலிப்பான் இல்லாத அவரது பின்சக்கரமே இருவரில் அதிக ஆபத்துக்கு உள்ளானது. சைக்கிள் தடம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் உடற்பயிற்சிக்கான கடற்கரைத் தடம் முதலிலும், பிழைப்புக்கான ஊர்த் தடம் கடைசியிலும் நினைவுக்கு வருவதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான்.

தனித் தடமா, பகிர்ந்த சாலையா என்ற வழக்கு உலகுக்குப் புதிதன்று. 1934 டிசம்பரில் இலண்டனின் வெஸ்டர்ன் அவென்யூ சாலையோரம் பிரிட்டனின் முதல் சைக்கிள் தடங்களைப் போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷா திறந்துவைத்தபோது, அதைக் கடுமையாக எதிர்த்தவர்கள் சைக்கிள் சங்கத்தார். தடம் தரப்பட்டால் சாலையில் செல்லும் உரிமை பறிபோகும் என்பது அவர்களின் அச்சம். குறுகியதும் ஒவ்வொரு சந்திப்பிலும் அறுபடுவதுமான தடமாக இருந்ததால் அச்சத்துக்கு அடிப்படையும் இருந்தது. நெதர்லாந்திலோ, 1970களின் தொடக்கத்தில் குழந்தைகள் சாலையில் மாண்டதை எதிர்த்து எழுந்த மக்கள் இயக்கமும் 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அரசின் போக்கைத் திருப்ப, அகலமானதும் அறுபடாததுமான தடங்கள் நாடு முழுவதும் பின்னப்பட்டன. குடியிருப்புத் தெருக்களில் தடம் போடாமல் காரின் வேகத்தையே குறைத்தனர். வேகம் மிகுந்த இடத்தில் பிரிப்பது, பிரிக்க இயலாத இடத்தில் வேகத்தைக் குறைப்பது என்ற இவ்விரட்டை முறைக்குப் பழைய மகாபலிபுரம் சாலை மிகப் பொருத்தமான களம். சாலையின் நடுப்பகுதி முதல் வகை, ஊரை ஒட்டிய சர்வீஸ் சாலை இரண்டாம் வகை. சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்ற மோட்டார் சாராப் போக்குவரத்துக் கொள்கை இத்திசையில் நாட்டுக்கே முன்னோடியானது. ஆனால் மாநகராட்சியின் தெற்கெல்லை செம்மஞ்சேரியோடு முடிந்துவிடுவதால், படூர் அதன் வரம்புக்கு வெளியே நின்றது.

மையச் சட்டத்திலும் சைக்கிளின் இடம் சுற்றுவழியிலேயே அமைந்தது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டத்தின் வரையறைப்படி சைக்கிள் மோட்டார் வண்டி ஆகாது. எனவே ஓட்டுநர் உரிமமோ பதிவோ காப்பீடோ அதற்குத் தேவையில்லை. 1989ஆம் ஆண்டின் சாலை விதிகள், சைக்கிளுக்கென அமைந்த தடத்தில் மோட்டார் வண்டி ஓட்டுவதைத் தடுத்தன. தடமே இல்லாத ஊரில் அவ்விதிக்கு வேலையில்லை. அவற்றுக்குப் பதிலாக 2017இல் வந்த ஒழுங்குமுறைகள், பாதசாரிகள், சைக்கிள் ஓட்டிகள், குழந்தைகள், முதியோர் ஆகியோரின் பாதுகாப்பில் ஓட்டுநர் சிறப்புக் கவனம் செலுத்த வேண்டும் என்றன. ஸ்பெயினில் சைக்கிளை முந்தும்போது 1.5 மீட்டரும், ஜெர்மனியில் ஊருக்குள் 1.5 மீட்டரும் வெளியே 2 மீட்டரும் இடைவெளி விட வேண்டும் என்று சட்டம் அளந்து சொல்வதோடு ஒப்பிட்டால், 'சிறப்புக் கவனம்' என்பது அளக்க முடியாத அறிவுரையாகவே நிற்கிறது. வண்டிகளின் உச்ச வேகத்தை உயர்த்திய 2018ஆம் ஆண்டின் மைய அரசு அறிவிப்பை, விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ரத்து செய்தபோது, வேகமே உயிரிழப்பின் வேர் என்ற கருத்து நீதிமன்ற மொழியில் முதன்மை பெற்றது.

2019இல் மோட்டார் வண்டிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 138(1ஏ) பிரிவு, இயந்திர விசையில்லா வண்டிகளும் பாதசாரிகளும் சாலைகளில் நுழைவதையும் இயங்குவதையும் சாலைப் பாதுகாப்பின் பொருட்டு ஒழுங்குபடுத்த மாநிலங்கள் விதிகள் வகுக்கலாம் என்றது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்து, பத்தாண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் சாலைப் பாதுகாப்புப் பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் இப்பிரிவைக் கையிலெடுத்து, இதன்கீழும், மாநிலச் சாலைகளின் வடிவமைப்பையும் பராமரிப்பையும் பற்றிய 210டி பிரிவின்கீழும் ஆறு மாதங்களுக்குள் விதிகளை வகுக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. இரண்டில் முதற்பிரிவு இரு பக்கமும் வெட்டக்கூடியது. நுழைவை ஒழுங்குபடுத்துதல் என்பதன்கீழ் சைக்கிளுக்குத் தடமும் அமைக்கலாம், அதை நெடுஞ்சாலையிலிருந்து விலக்கவும் செய்யலாம். வில்லையும் விளக்கும் ஆண்ட காலத்தில், ஒழுங்குபடுத்துதல் என்றாலே மிதிப்பவரை ஒழுங்குபடுத்துவதாகவே பொருள் கொள்ளப்பட்டது. சாலையை அமைப்போரையும் அதில் விரைவோரையும் அச்சொல் கட்டுப்படுத்த வேண்டுமெனில், 210டி பிரிவின்கீழ் வரும் விதிகளில்தான் தடத்தின் அகலமும், ஊர் எல்லைக்குள் வேக வரம்பும், நடுத்தடுப்பின் திறப்புகளுக்கு இடையிலான தொலைவும் எண்களாக எழுதப்பட்டாக வேண்டும். 1962ஆம் ஆண்டு நெறிமுறையில் அவ்வெண்களில் ஒரு பகுதி ஏற்கெனவே அச்சில் இருக்கிறது.